ஸாலூ, ஹாலூ, ஆலூ

14-01-2003, செவ்வாய்
கடும் குளிர். கார் கிளம்பவில்லை. பஸ்ஸில் வேலைக்கு. கால்விரல்கள் இன்னும் மரத்தபடி.
என் கற்பனைத் தேவதைகளான எல்ஃப்களின் மொழி: நிலவுக்கு ‘ஸாலூ’. மூலம் ‘ஸல்’, ஒளிர்தல். கடல் கடந்து போன எல்ஃப் கூட்டத்துக்கு வேறு உச்சரிப்பு வேண்டும். எந்த ஒலி தேயும்? பிடிபடவில்லை. நானே உண்டாக்கிய மொழி, எனக்கே தண்ணி காட்டுகிறது.
வாங்க: பால், பாண், அபிக்குக் கையுறை (மறுபடியும்!).

15, புதன்
கிடைத்துவிட்டது! தந்தவள் அபி. நாலு வயது மகள், குளித்தபடி என் ஸாலூவை ‘ஆலூ, ஆலூ’ என்று பாடுகிறாள். ஸ போய்விட்டது! எத்தனையோ மொழிகளில் நடந்ததுதான். ஸ மெலிந்து ஹ, பிறகு ஒன்றுமில்லை. ஸாலூ > ஹாலூ > ஆலூ. இதுவே விதி. எல்லாச் சொற்களையும் மாற்றினேன். இருப்புக் கொள்ளவில்லை.
வதனி: “பிள்ளை பிழையாச் சொல்லுது, நீங்கள் விதி எழுதுறியள்.”
என் மனைவிக்கு எப்போதும் இளக்காரம்தான்.

19, ஞாயிறு
பனி. கோயில். கூட்டத்தில் மச்சான் கூப்பிட்டார், அபி திரும்பவில்லை. “கொழுப்புக் கூடிப் போச்சு” என்றார். எரிச்சல். வடை நன்று.

23, வியாழன்
கார்டெரியில், அபியின் பகல் காப்பகத்தில், ஆசிரியை வதனியை மறித்துப் பேசியிருக்கிறார். பிள்ளையின் காதைச் சோதிக்க வேண்டுமாம்.
வதனி: “சோறை ஓறு எண்டுறாள். நன்றி சொல்லுற மெர்சியை மெர்ஈ எண்டுறாள். அதுவும் உங்கட எல்ஃபோ?”
 காது மங்கினால் முதலில் கேட்காமல் போவது ஸ போன்ற மெல்லிய ஒலிகள். படித்திருக்கிறேன். படித்து என்ன?

24, வெள்ளி
அபிக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. முன்னால் வந்து கூப்பிட்டேன். சிரித்தாள். மறுபடி பின்னால்.
“காணும், விடுங்கோ” என்று வதனி கையைப் பிடித்தாள். அழுதிருந்தாள்.

06-02, வியாழன்
ஆஸ்பத்திரி. சத்தம் புகாத சின்ன அறை. ‘பீப்’ கேட்டால் அபி கையிலுள்ள கட்டையைப் பெட்டிக்குள் போட வேண்டும். எதிர்க் கதிரையில் நான்.
பீப். போட்டாள். பீப். போட்டாள். ஒன்றும் தவறவில்லை. எனக்கு உயிர் வந்தது. வீணாகப் பயந்தோம்.
கண்ணாடிக்கு அப்பாலிருந்து காது சோதிக்கும் பெண் பிரெஞ்சில் சொன்னார்: “அப்பா, பிள்ளை உங்கள் முகத்தைப் பார்த்துப் போடுகிறாள். திரும்பி உட்காருங்கள்.”
சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.
பீப்.
பீப்.
பீப்.
கட்டை விழவில்லை.