அரிசி டிரம்மில் வைத்த போன்

திருமுல்லைவாயில்,
ஐப்பசி 27.

அன்புள்ள கவிப்பிரியாவுக்கு, பெரியப்பா மனோகரன் எழுதுவது.

நானும் உன் பெரியம்மா சரசாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். பூனாவில் குளிர் ஆரம்பித்திருக்கும். உனக்குச் சளி பிடிக்கிற உடம்பு, ஈரத் தலையோடு ஆபீசுக்கு ஓடாதே. இங்கே மூன்று நாளாக மழை, ஸ்டேஷன் பக்கம் முழங்கால் தண்ணீர். காகிதத்தின் தலையில் 'சாமி சரணம்' போடாமல் நான் எழுதுகிற முதல் கடிதம் இது. மறந்துபோய் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்பாய். நீ பெரியப்பா என்று கூப்பிட்டுவிட்டால் எனக்கு வாய் எழும்பாது. போன வாரம் பேசும்போது, அப்பாவின் முதல் வருஷ நினைவு நாளுக்குப் பக்கத்து வீட்டுச் சபீனாவைக் கூப்பிட வேண்டாம், அவங்க மூஞ்சியில முழிக்கவே பிடிக்கல என்றாய். நானும் சரிம்மா என்றேன். வைத்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன வருஷம் எனக்குப் பதினெட்டாவது மலை. பதினெட்டாம் வருஷம் போகிறவன் தென்னங்கன்று எடுத்துப் போய்ச் சன்னிதானத்தில் வைப்பான், அதோடு அவன் குருசாமி. மாலை போட்டிருக்கும்போது நெருங்கிய சொந்தத்தில் சாவு என்று காதில் விழுந்தால் மாலையைக் கழற்றிவிட வேண்டும், அந்த வருஷம் மலை கிடையாது. அதனால் மாலை போட்ட அன்றே சரசாவிடம், நல்லதோ கெட்டதோ நான் மலை இறங்குகிற வரைக்கும் என் காதில் போடாதே என்று சொல்லிவைத்தேன். நிறையப் பேர் வீட்டில் சொல்லிவைக்கிறதுதான்.

நான் கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது உன் அப்பா ஆவடியிலிருந்து வந்தான். மாடிப்படி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது என்றான். "டெஸ்ட்டுக்குக் கூட வா அண்ணாத்தே, தனியா போக ஒரு மாரியா கீது" என்று கேட்டான். மலைக்குப் போய் வந்துவிடுகிறேன் ஏகாம்பரம், அப்புறம் போகலாம் என்றேன். சிரித்தான். "நாப்பத்தெட்டு நாளு நல்லவனா இருந்துக்கினு, மிச்ச நாளு இன்னா பண்ணுவ நீ?" என்றான். வருஷா வருஷம் அவன் பண்ணுகிற கேலிதான். கோயில் வாசலை மிதிக்காதவன். ஆனாலும் பதினேழு வருஷமும் எனக்கு இருமுடி கட்டும்போது வந்து நின்று, ஒரு கைப்பிடி அரிசி போட்டு, என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தவன்.

இருமுடி கட்டுகிற அன்று காலை ஏழே முக்காலுக்குப் போன் அடித்தது. சபீனா என்று பெயர் வந்தது. அவன் பக்கத்து வீட்டுக்காரி, அந்த நேரத்தில் எனக்கு எதற்குப் போன் செய்வாள்? தெரிந்துவிட்டது கவி. எடுத்தால் மாலை போய்விடும் என்றுதான் முதலில் தோன்றியது. தம்பிக்கு என்ன ஆயிற்றோ என்று தோன்றவில்லை. சத்தத்தைக் குறைத்து, சமையலறை அரிசி டிரம்முக்குள் போனைப் போட்டு மூடினேன். அரிசிக்குள் அது அதிர்ந்துகொண்டே இருந்தது. பதினோரு தடவை. சரசா அடுப்படியில் நின்று என்னையே பார்த்தாள்.

சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கைப்பிடி அரிசி போட்டார்கள். தம்பி எங்கே சாமி என்று ஒருவர் கேட்டார். ஷிஃப்டு இருக்கும் என்றேன். ரிட்டயர் ஆகி இரண்டு வருஷமானவனுக்கு ஷிஃப்டாம்! மூன்றரைக்குப் பஸ் ஏறினோம். நாலு மணிக்கு உன் அப்பா போய்விட்டான். அதுவரை நினைவோடுதான் இருந்தானாம். அண்ணன் வந்துச்சா, அண்ணன் வந்துச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தானாம். வழியில வந்துக்கினு கீறாரு என்று சபீனா சொல்லிக்கொண்டே இருந்தாளாம். ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து கால் மணி நேரம்.

நீ பூனாவிலிருந்து வந்து உன் கையாலேயே கொள்ளி வைத்தாய். ஐந்தாம் நாள் நான் பிரசாதத்தோடு திரும்பினேன். எல்லோர் எதிரிலும் நீ சபீனாவைப் பார்த்து, காலையிலேயே ஒரு போன் பண்ணியிருந்தால் பெரியப்பா ஓடி வந்திருப்பாரே, பண்றேன்னு சொல்லிட்டு ஏன் பண்ணல என்று கத்தினாய். அவள் தலை குனிந்து நின்றாள். நீ என் பக்கம் திரும்பி, உங்களுக்குத் தெரியுமா பெரியப்பா என்றாய். கழுத்தில் கிடந்த மாலையைப் பிடித்துக்கொண்டு, ஐயப்பன் மேல ஆணையாத் தெரியாதும்மா என்றேன். நீ என் தோளில் சாய்ந்து அழுதாய். த்தூ, நானும் ஒரு மனுஷன்.

அன்று ராத்திரி சரசா, "எடுத்திருந்தாலும் அவர் பொழச்சிருக்க மாட்டார். ஆனா எடுத்திருக்கலாம்" என்றாள். அதோடு சரி. இன்றுவரை சோறு போடுகிறாள், துணி துவைத்துப் போடுகிறாள், முகம் பார்த்துப் பேசுவதில்லை.

மாசி மாதம் சபீனாவைப் போய்ப் பார்த்தேன். உன் போனில் பதினோரு தடவை கூப்பிட்டது இருக்குமே, அதைக் காட்டியிருக்கலாமே என்றேன். "அந்தப் பொண்ணுக்கு அப்பா பூட்டாரு. பெரியப்பாவாச்சும் இருக்கட்டும்னு உட்டுட்டேண்ணா" என்றாள். ஐந்து வேளையும் தொழுகிறவள். அன்று உன் அப்பா அவள் கையை விடாததால் மத்தியானத் தொழுகைக்குக்கூட எழுந்திருக்கவில்லையாம். அதைக் கேட்டதற்கு, "அப்பால தொழுதுக்கினேன், அல்லா எங்கண்ணா பூடப் போறான்?" என்றாள்.

என் ஐயப்பன் மட்டும் எங்கே போயிருப்பான்? மலை அடுத்த வருஷமும் அங்கேதானே இருந்திருக்கும். பக்திதான் என்னைக் கெடுத்தது என்று சொல்லித் தப்பிக்கலாமென்றால், அவளும் பக்தி உள்ளவள்தான். பதினெட்டு வருஷம் செருப்பில்லாமல் நடந்து, பச்சைத் தண்ணீரில் குளித்து, ஊருக்கெல்லாம் அன்னதானம் போட்டேன். என்னை நானே பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டதுதான் மிச்சம். இப்போது கண்ணை மூடிக் கும்பிட உட்கார்ந்தால் அரிசிக்குள் போன் அதிர்கிற சத்தம்தான் கேட்கிறது. எழுந்து வந்துவிடுகிறேன்.

இன்னும் மூன்று நாளில் கார்த்திகை. எதிர் ஃபிளாட்டு ரோஹித், கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற பையன், முதல் மாலையை என் கையால்தான் போட்டுக்கொள்வேன் என்று வந்து நிற்கிறான். எனக்குத் தகுதியில்லை தம்பி என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டு காலில் விழுந்துவிட்டுப் போகிறான். நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

உனக்கு அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. இதைப் படித்த பிறகு பெரியப்பாவும் இருக்க மாட்டான். அது தெரிந்துதான் எழுதுகிறேன். எழுத எனக்குப் பதினோரு மாதம் ஆயிற்று. மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. நினைவு நாளுக்கு நான் வரவில்லை. அப்பா படத்துக்குச் சபீனா கையால் பூப் போடச் சொல்.

ஆசீர்வாதம் என்று எழுதப் பேனா வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் தாயே. படித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யாதே. சபீனாவைக் கூப்பிடு. எந்த நேரமானாலும் கூப்பிடு. அவள் எடுப்பாள்.

இப்படிக்கு,
மனோகரன்