அரசியல் பட்டத்துக்கு விலை போட்ட அண்ணாவுக்கு

அன்புள்ள அண்ணா,

அன்பு இருக்கிறது. அதனால்தான் இந்தக் கோபம் இத்தனை நாள் ஆறாமல் கிடக்கிறது. மாதுங்காவில் நம் சங்கத்தின் ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி ஓர் அஞ்சலி வேண்டும், தம்பி எழுதினால் பொருத்தமாக இருக்கும் என்றார்கள். உன்னைப் புகழ ஊரே இருக்கிறது. நான் உன்னிடம் கேட்க முடியாமல் போனதை எழுதுகிறேன்.

பெட்டியும் படுக்கையுமாகப் பம்பாய்க்கு வந்து தாதரில் இறங்கிய எத்தனையோ பையன்களுக்குச் சுருக்கெழுத்துக் கற்பித்துக் கம்பெனிகளில் உட்கார வைத்தாய். தினமும் காலையில் ஆங்கிலப் பத்திரிகையின் தலையங்கத்தை நீ வேகமாக வாசிப்பாய். கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து அவர்கள் கோடு கோடாக எழுதிக்கொள்வார்கள். என் மகள் வத்ஸலாவும் அந்த வரிசையில் இருந்தாள். ஒரு நாள் பென்சிலை நிறுத்தினாள்.

“பெரியப்பா, போன வாரம் இதே பேப்பர் நேர்மாறா எழுதியிருந்ததே?”

“அதுக்கென்ன இப்போ?”

“யாராவது கேக்க வேண்டாமா?”

“கேக்கறதுக்கு எந்தக் கம்பெனியிலயும் சம்பளம் தரமாட்டான். எழுதுடி.”

பையன்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. இண்டர் தேறியதும் பி.ஏ.வில் அரசியல் எடுக்கப்போவதாகச் சொன்னாள். இரவுச் சாப்பாட்டின்போது நீ கணக்குப் போட்டாய்.

“பீஸு, புஸ்தகம், ரயில் பாஸ். அத்தனை நாள் சம்பளமும் போச்சு. அப்புறம்? கலெக்டரா? திரும்பி வந்து அதே டைப்ரைட்டர். உங்கப்பனைப் பாரு, பாலிடிக்ஸ்ல எம்.ஏ. கூட்ஸ் ஷெட்ல கணக்கு எழுதறான். அதுவும் நான் வாங்கிக் குடுத்த வேலை.”

என் எதிரிலேயே சொன்னாய். அலுவலகத்தில் என்னை ‘ப்ரொபசர்’ என்று கேலி செய்பவர்கள்கூட அதைக் கொஞ்சம் தணிந்த குரலில் சொல்வார்கள். உன் கணக்கில் தவறில்லை என்று அன்றே ஒப்புக்கொண்டேன். ஆனாலும் அவள் படிக்கட்டும் என்றேன். நீ தலையாட்டினாய். உன் தலையாட்டலை நம்பாமல் வேறு யாருடையதை நம்புவேன்?

அலுவலகம் என்னை நாக்பூருக்கு அனுப்பியது. கல்லூரியில் சேர்வதற்கான கடைசி நாளில் அவளைக் கூட்டிப்போகும் பொறுப்பை நீ ஏற்றுக்கொண்டாய். புதுப் புடவை கட்டிக்கொண்டு உன்னோடு வி.டி. ஸ்டேஷனில் இறங்கியவளை நேரே உன் கம்பெனி லிஃப்டில் ஏற்றினாய்.

“காலேஜ் எங்கே பெரியப்பா?”

“போலாம், போலாம். எங்க மானேஜர் துரைகிட்ட ஒரு டிக்டேஷன் எடுத்துட்டுப் போலாம்.”

பெரியவர் பேச்சை மறுத்துப் பழகாத பெண். எடுத்தாள். ஒரு பிழைகூட வரவில்லை. துரைக்குத் திருப்தி. மாலைக்குள் அவளுக்கு வேலை. கல்லூரி அலுவலகமும் அன்றைய கதவைச் சாத்திவிட்டது.

நான் நாக்பூரிலிருந்து வருவதற்குள் உனக்கு மார்வலி வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவனிடம் என்ன கேட்பது? என் கையைப் பிடித்துக்கொண்டு, “கொழந்தைக்கு நல்ல எடத்துல ஆயிடுத்து, பாத்தியா?” என்றாய். உன் தலையணையைச் சரிசெய்தேன். நீயும் போய்விட்டாய். உன்னோடு ஒரு சண்டை போடும் உரிமையைக்கூட எனக்கு மிச்சம் வைக்கவில்லையே, அது எந்த ஊர் நியாயம்?

இங்கே இப்போது நிலவரம் வேறு. மதராஸிகள் வேலையைப் பறிக்கிறார்கள் என்று உள்ளூர்க்காரர்கள் தெருமுனைகளில் கூட்டம் போடுகிறார்கள். நீ உட்கார வைத்த பையன்கள் ரயிலில் தமிழ் பேசத் தயங்குகிறார்கள். அவர்களில் ஒருவன், செம்பூருக்குக் குடிபோன சேகர், போன வாரம் வந்திருந்தான்.

“மாமா, நம்மளைப் போகச் சொல்றாளே, சட்டத்துல அதுக்கு எடமிருக்கா?”

“இல்லே.”

“அப்போ பயப்பட வேண்டாமே?”

“பயப்படு. சட்டம் என்னன்னு தெரிஞ்சுண்டு பயப்படு.”

சிரித்துக்கொண்டே போனான். என் பட்டத்தால் அவனுக்குக் கிடைத்தது அவ்வளவுதான். உன் தராசில் அது என்ன பெறும், அண்ணா?

நேற்று வத்ஸலா என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“ஆபீஸ்ல என்னைக் கன்ஃபர்ம் பண்ணப்போறாளாம்ப்பா. காலேஜ்லயும் ஜூன்ல சேத்துக்கறோம்னா. பெரியப்பா போட்ட கணக்கு சரின்னுதான் எனக்கும் தோணறது.”

“அப்போ வேலையிலேயே இருக்கியா?”

“இல்லேப்பா. படிச்சு முடிச்சு அதே நாற்காலிக்குத் திரும்பி வந்தாலும் வரேன். நானா வரேன்.”

இன்று காலை வேலையை விட்டுவிட்டாள். நிரந்தர வேலையை உதறும் பைத்தியமும் உண்டா என்று கட்டடம் முழுக்கப் பேச்சு. நீ இருந்திருந்தால் அந்தப் பேச்சைத் தலைமை தாங்கி நடத்தியிருப்பாய்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஜூனில் அவளுக்குத் துணையாக யாரும் போகமாட்டோம், நான் உட்பட. இந்தப் பட்டம் அவளுக்குச் சோறு போடுமா என்று எனக்குத் தெரியாது. போடாவிட்டால் அந்த நஷ்டம் அவளுடையது. அவள் நன்மைக்கு என்று சொல்லிக்கொண்டு அதை அவள் கையிலிருந்து பிடுங்க இனி ஒருவரையும் விடமாட்டேன். பிள்ளையில்லாத உனக்கு வருஷா வருஷம் திதி கொடுப்பேன். எள்ளிலும் தண்ணீரிலும் குறை வைக்கமாட்டேன். மன்னிப்பை மட்டும் என்னிடம் எதிர்பார்க்காதே.

உனக்குக் கொள்ளி வைத்த தம்பி,
விசுவநாதன்