பின்பக்க ஸ்டீயரிங்

கவென்ட்ரி
9 டிசம்பர் 1942

லெப்டினன்ட் டென்ஹாம் அவர்களுக்கு,

என் மகன் கிளெம் இறந்ததைச் சொல்லி நீங்கள் எழுதியதைப் பத்து முறை படித்துவிட்டேன். "வண்டி திரும்பும்போது குண்டு பட்டது, வலி இருந்திருக்காது" என்கிறீர்கள். வலி இருக்கட்டும். வண்டி ஏன் திரும்பியது?

அந்தக் கவச வண்டிகளை இங்கே தொழிற்சாலையில் பாகம் பாகமாகப் பூட்டுகிறவன் நான். ஐந்து கியரும் பின்னோக்கியும் ஓடும். ஆபத்து வந்தால் டிரைவர் நெம்புகோலைத் தள்ளுவான். பின்பக்கம் இருக்கும் இரண்டாவது ஸ்டீயரிங்கை அதிகாரி பிடிப்பார். வண்டியைத் திருப்பவே வேண்டாம், அப்படியே பின்னால் ஓடிவிடும். முதல் மாதிரி வண்டியிலேயே சொன்னேன், இந்த இரண்டாவது ஸ்டீயரிங் ஆளைக் கொல்லும் என்று. வரைபட அறையில் ஒருவன், "பெரியவரே, நீங்க எந்தக் காலேஜ்ல படிச்சீங்க?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த ஸ்டீயரிங்தான் சிக்கிக்கொண்டது. மறைக்கிறீர்கள்.

இனோக் பார்கெட்டர்

---

ராணுவ மருத்துவமனை, கெய்ரோ
4 ஜனவரி 1943

மதிப்பிற்குரிய திரு. பார்கெட்டர்,

ஸ்டீயரிங் சிக்கவில்லை. கிளெம் போல ஒரு டிரைவர் எனக்கு இனிக் கிடைக்கமாட்டான். உங்கள் நிம்மதிக்காகச் சொல்கிறேன், இதற்குமேல் கேட்காதீர்கள்.

அன்புடன்,
ஹியூ டென்ஹாம்

---

கவென்ட்ரி
30 ஜனவரி 1943

லெப்டினன்ட் அவர்களுக்கு,

என் நிம்மதியைப் பற்றி உங்களுக்கு என்ன கவலை? யார் சொல்லிக்கொடுத்து எழுதுகிறீர்கள்? "அந்தப் பிள்ளைய விட்டுடுங்க, அவனே ஆஸ்பத்திரில கிடக்கான்" என்கிறாள் என் மனைவி. விடமாட்டேன். உண்மை வராவிட்டால் உங்கள் பெயரைப் போட்டு அமைச்சகத்துக்கு எழுதுவேன்.

இ. பார்கெட்டர்

---

கெய்ரோ
25 பிப்ரவரி 1943

ஐயா,

நீங்களாகக் கேட்டீர்கள்.

மேட்டுக்கு அந்தப் பக்கம் எதிரியின் பீரங்கி இருந்தது. "பின்னால எடு கிளெம்! ஸ்டீயரிங் என் கையில இருக்கு!" என்று கத்தினேன். "வேணாம் சார், அதை நம்பாதேன்னு எங்கப்பா சொல்லியிருக்கார். நானே திருப்பிடறேன்" என்றான். திருப்பினான். பக்கவாட்டுத் தகடு எவ்வளவு மெல்லியது என்று உங்களுக்குத் தெரியும்.

அவன் சட்டைப்பையில் இருந்த உங்கள் கடிதத்தை எரித்துவிட நினைத்தேன். மனம் வரவில்லை. இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

ஹியூ டென்ஹாம்

---

கவென்ட்ரி
22 மார்ச் 1943

லெப்டினன்ட் டென்ஹாம் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. என் கையெழுத்துதான். "பின்னால் உட்கார்ந்திருக்கும் எந்த அதிகாரி கையிலும் உன் உயிரைக் கொடுக்காதே" என்று அடிக்கோடு போட்டிருக்கிறேன். என் மனைவியிடம் காட்டவில்லை.

மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை, பட்டறை காலி. புது வண்டி ஒன்றில் ஏறி உங்கள் இடத்தில் உட்கார்ந்து அந்த ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பார்த்தேன். மூன்று வருடத்தில் முதல் முறை. லேசாகத் திரும்புகிறது.

உடம்பு தேறி நீங்கள் மறுபடி வண்டி ஏறும்போது டிரைவராக வருகிறவனின் பெயரை எனக்கு எழுதுங்கள். அவனுக்கு நான் ஒரு கடிதம் எழுத வேண்டும்.

இனோக் பார்கெட்டர்