நேற்று எப்போது சிரித்தாய்?

மாத்தளைச் சந்தையில் இன்று எனக்குப் பின்னால் யாரோ கராம்பைக் கடித்தார்கள். அந்த வாசனைக்குச் சட்டென்று திரும்பிவிட்டேன், நீதான் என்று. நீ செத்து இரண்டு வருஷமாகிறது. என் புத்திக்கு இன்னும் அது உறைக்கவில்லை.

கராம்பை வாயில் ஒதுக்கிக்கொண்டுதான் அன்றைக்கும் எங்கள் அடுப்படிக்கு வந்தாய். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்த சிநேகிதி. உன் அண்ணனையே நான் கட்டியதால் பிறகு நாத்தனார். அந்த வருஷம் அரசாங்கத்துக்காக வீடு வீடாகப் போய், ஜனங்கள் அன்றாடம் எந்த மனநிலையில் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதும் வேலை உனக்குக் கிடைத்திருந்தது. நேற்றுச் சிரித்தீர்களா, அழுதீர்களா, எந்த நேரம் நிம்மதியாக இருந்தீர்கள்? இதையெல்லாமா கேட்பார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

"சும்மா சொல்லுடி. பேரு எழுத மாட்டோம். எல்லாம் கொழும்புக்குப் போயிரும்," என்றாய்.

அரிசி களைந்துகொண்டே சொன்னேன். தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும்போது சிரித்தேன். பஸ்ஸில் வரும்போதும் நிம்மதிதான். "வீட்டு வாசல்ல கால வச்சதும் நெஞ்சு அடைக்குது. நேத்தும் அடுப்புக்கு முன்னால ஒக்காந்து அழுதேன்." அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா எனக்கு!

கொழும்புக்குப் போனதோ இல்லையோ, அன்று சாயங்காலமே உன் அண்ணனிடம் போய்விட்டது. சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, உன் அம்மாவுக்கு முன்னால் கேட்டார்: "வீட்டுல அழுகை, வெளிய சிரிப்போ? அப்பிடி என்ன இருக்கு அந்தப் பள்ளிக்கூடத்துல? நாளையிலருந்து போகத் தேவையில்ல."

அதோடு என் டீச்சர் வேலை போனது. பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரக்கூட விடவில்லை.

உன் வீட்டுக்கே வந்து கேட்டேன். "ஒங்க ரெண்டு பேரு நல்லதுக்குத்தாண்டி சொன்னேன். அண்ணன் ஒன்னைய இன்னும் நல்லாப் பாத்துக்கிருவாருன்னு நெனச்சேன்," என்றாய். அடிப்பாவி! சிநேகிதியிடம் சொன்னதை நாத்தனாராகக் கேட்டுக்கொண்டு போனாயே. இதைத் துரோகம் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்ல?

பிறகு யார் கேட்டாலும், கோயிலில் சாமியார் கேட்டாலும், பெற்ற அம்மா கேட்டாலும், "சந்தோசமா இருக்கேன்" என்ற ஒரே பதில்தான் என்னிடம்.

கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்: "என் மேல கோவமாடி?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. தூங்கு," என்றேன். நம்பிக்கொண்டு கண்ணை மூடினாய்.

கோபம் இருக்கிறதடி. இன்றைக்கும் இருக்கிறது. சாகக் கிடந்த உன்னிடம்கூட உண்மையைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது.