பாலிசி நாளுக்குக் காத்திருக்கும் தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். அங்கே நீ நலமா என்று சம்பிரதாயத்துக்குக் கேட்க மனம் வரவில்லை. நீ நலமில்லை என்று எனக்குத் தெரியும். மாடி ஏறும்போது பாதியில் நின்று நெஞ்சைத் தேய்க்கிறாயாம். "டாக்டர்கிட்ட போங்கன்னா, பாலிசி எடுத்திருக்கேன், மொதல் சில மாசத்துல வர்ற நோய்க்குப் பணம் தரமாட்டாங்களாம், அந்தக் காத்திருப்புக் காலம் முடியட்டும், அப்புறம் காட்டிக்கிறேங்கறாரு" என்று உன் வீட்டுக்காரி, தங்கச்சி, போனில் சொல்லி அழுதாள். உன்னிடம் போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாய். அதனால்தான் கடிதம்.

அடேய் மடையா! நெஞ்சு வலியைத் தேதி சொல்லிக் காக்க வைக்க அது என்ன நீ பழுது பார்க்கிற லிஃப்டா? சரி, திட்டு இத்தோடு போதும். டாக்டர் என்னைக் கோபப்படக் கூடாது என்றிருக்கிறார்.

நீ பாலிசி எடுத்ததற்குக் காரணமே நான்தான் என்பதும் தெரியும். எனக்குப் பணம் வந்ததைப் பார்த்து எடுத்திருக்கிறாய். ஆனால் முழுக் கதையும் உனக்குத் தெரியாது. எங்கள் டிரைவிங் ஸ்கூலுக்கு ஓர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் அம்மாள் கார் பழக வந்தார். முன்னால் போவதில் ஒரு குறையும் இல்லை. ரிவர்ஸ் என்றால் மட்டும் கைகால் உதறும். ரிவர்ஸ் அக்கா என்றே பேராகிவிட்டது. பயம் தெரியாமல் இருக்க வாய் ஓயாமல் பேசுவார், அத்தனையும் தீவிர நோய்க் காப்பீடு பற்றி. எனக்குத்தான் மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்றேன். "அது ஆஸ்பத்திரிக்கு சார். இது உங்க வீட்டுக்கு" என்றார். முன்னால் லாரி வந்துகொண்டிருந்தது. "அம்மா தாயே, ரோட்டைப் பாருங்க, எடுத்துத் தொலைக்கிறேன்" என்று சொல்லித்தான் எடுத்தேன். இன்று அந்த அம்மாளை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

மறு வருஷம் எனக்கு வலி வந்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? பயிற்சி வண்டியில் பக்கத்து சீட்டில் உட்காரும் எனக்கும் ஒரு பிரேக் உண்டு. புதிதாகப் பழகுகிறவர்களோடு நாள் முழுக்க அதை மிதித்து மிதித்துத்தான் நெஞ்சு பிடிக்கிறது என்று முடிவு கட்டி, வண்டியைக் கொண்டுபோய் சர்வீசுக்கு விட்டேன். மெக்கானிக் பார்த்துவிட்டு, "பிரேக் நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் வெளுத்துப்போய் இருக்கீங்க" என்றான். அப்போதும் புத்தி வரவில்லை. நம் அப்பா கடைசிவரை வாயு என்றார். நான் பிரேக் என்றேன். நீ டூல்ஸ் பை கனம் என்கிறாயாம். உடம்பைத் தவிர எல்லாவற்றின் மேலும் பழி போடுவதில் நம் குடும்பத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

பிறகு நடந்ததும் ரிவர்ஸ் அக்கா புண்ணியம்தான். டெஸ்டில் பலமுறை தோற்று மறுபடி வந்திருந்தார். அவர் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்கு வியர்த்துக் கொட்டியது. என்னை ஒரு தரம் பார்த்தார், நேரே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அன்று அவர் கை உதறவே இல்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கதை வேறு என்று டாக்டர் சொன்னார். பைபாஸ் செய்தார்கள்.

ஆஸ்பத்திரிச் செலவில் பெரும்பகுதியை மருத்துவக் காப்பீடு பார்த்துக்கொண்டது. இந்தப் பாலிசி வேறு மாதிரி. அவர்கள் எழுதி வைத்திருக்கிற நோய்களில் ஒன்று வந்து, அவர்கள் சொல்கிற அளவுக்குக் கடுமையாகவும் இருந்தால், மொத்தப் பணத்தையும் ஒரே தடவையாகக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதை என்ன செய்தாய் என்று கேட்கமாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. நோய் என்று தெரிந்த பிறகு சில வாரங்கள் உயிரோடு இருந்தால்தான் பணமாம். "அதுவரைக்கும் சாரைப் பத்திரமாப் பாத்துக்கோங்கம்மா" என்று ரிவர்ஸ் அக்கா வாய்தவறிச் சொல்ல, உன் அண்ணி "அதுக்கப்புறம் தெருவுல விட்டுடலாமா?" என்று கேட்டாளே ஒரு கேள்வி! தையல் போட்ட நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அந்தப் பணத்தால்தான் பல மாதம் வேலையில்லாமல் இருந்தும் ஸ்கூலை மூடவில்லை. வண்டியை விற்கவில்லை. உன் அண்ணி கண்ணாடிக் கடை வேலைக்கு லீவு போட்டுவிட்டு என் பக்கத்திலேயே இருந்தாள். பகல் வேளையில் அவள் முகத்தைப் பார்த்து இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது என்பதே அப்போதுதான் உறைத்தது. எவ்வளவு பெரிய கொடுப்பினை! யாருக்கு நன்றி சொல்வதென்று தெரியாமல் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், வார்டைக் கூட்ட வந்த அம்மாவுக்குக்கூட.

ஆனால் அதை வரம் என்று நினைத்துவிடாதே. பக்கத்துக் கட்டிலில் இருந்த தபால்காரரும் இதே மாதிரி ஒரு பாலிசி வைத்திருந்தார். அவருக்கு அறுவை இல்லாமல், ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்ததோடு சரியாகிவிட்டது. அது அவர் பாலிசியில் சேராதாம். பணம் வரவில்லை. மனிதர் கவலையே படவில்லை, சம்பளத்தோடு லீவு இருந்தது, சொந்த வீடு, பிள்ளைகள் சம்பாதிக்கிறார்கள். அவருக்கு இது இல்லாவிட்டாலும் ஓடும். உன்னையும் என்னையும் போல, கை ஓய்ந்தால் வீடே ஓய்ந்துபோகும் என்கிறவர்களுக்குத்தான் இது வேண்டும். ஆகவே நீ எடுத்தது தப்பில்லை. வலி தொடங்கின பிறகு எடுத்திருந்தால் அந்த நேரமும், காத்திருக்கிற காரணமும்தான் தப்பு.

ரிவர்ஸ் அக்காவிடம் உன் விஷயத்தை மறைக்காமல் கேட்டேன். "வலி முன்னாடியே இருந்திருந்து, அதைச் சொல்லாம எடுத்திருந்தா, எவ்வளவு நாள் காத்திருந்தாலும் பிரயோஜனம் இல்ல சார். எப்பலேர்ந்து வலின்னுதான் மொதல்ல கேப்பாங்க. இருந்ததைக் கம்பெனிக்குச் சொல்லிடச் சொல்லுங்க. ஆனா அது ரெண்டாவது வேலை, மொதல்ல டாக்டர்" என்றார். பாலிசி விற்கிறவரே சொல்கிறார்.

நீ ஏன் காத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? உனக்கு ஏதாவது ஆனால் தங்கச்சியும் குழந்தையும் கஷ்டப்படக் கூடாது என்றுதானே. உன் பாசத்தை நான் குறை சொல்லவில்லையடா. ஆனால் அவர்கள் இரண்டு பேரும் உன்னிடம் பணமா கேட்டார்கள்? பாலிசி ரத்தாகட்டும், ஒரு காசு வராமல் போகட்டும். எனக்கு வந்ததில் மிச்சம் இருக்கிறது, அது உன்னுடையது. இதைப் பற்றி மேற்கொண்டு பேசாதே. உன் அண்ணியும் நான் கேட்பதற்கு முன்பே இதைத்தான் சொன்னாள்.

கடிதம் கிடைத்ததும் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு கிளம்பு. டூல்ஸ் பையை வீட்டிலேயே வை. மாடி ஏறும்போது வருகிற வலியை டாக்டரிடம் உள்ளபடி சொல், பெருமைக்காகக் குறைத்துச் சொல்லாதே. ஒன்றுமே இல்லை, வெறும் வாயு என்று அவர் சொல்லிவிட்டால் எனக்குப் போன் பண்ணி, வீணாகப் பயமுறுத்தினேன் என்று வாய் நிறையத் திட்டு. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டேன். வருஷா வருஷம் திட்டு, எனக்குத் தலை நரைத்துக் காது மங்கின பிறகும் கத்தித் திட்டு. அதற்கு நீ இருக்க வேண்டும், தம்பி. நீ இருந்தால் போதும்.

நூறு வயது வாழ்க என்று வாழ்த்தும்,
உன் அண்ணன்