இண்டூர் மாப்பிள்ளை நின்ன கோலம்

காரிமங்கலம்
14-5-73

அன்பு மகன் மாதுவுக்கு அம்மா நஞ்சம்மாள் எழுதிக்கொள்வது. நாங்க எல்லாரும் கைகால் சுகமா இருக்கிறோம், பம்பாய் ஆஸ்பத்திரியில ஊராருக்கெல்லாம் மருந்து கலந்து கொடுக்கிற நீயும் வேளைக்குச் சாப்பிட்டு சுகமா இருக்கணும்னு முனியப்பசாமியை வேண்டிக்கிறேன். கண்ணு, இதைப் படிச்சதும் பதில் போடு, இல்லேன்னா உன் தங்கச்சி காவேரிக்கு வந்த நல்ல இடம் கைநழுவிப் போயிடும்.

ஞாயித்துக்கிழமை இண்டூர்லிருந்து பொண்ணு பார்க்க வந்தாங்க. மாப்பிள்ளை பேரு தீர்த்தகிரி, தருமபுரியில சொசைட்டி குமாஸ்தா, தங்கமான பையன், ஆனா எந்தப் புண்ணியவான் தைச்சுக் கொடுத்தானோ, தொடையைக் கவ்விப் பிடிக்கிற பேண்ட்டு போட்டுக்கிட்டு வந்துட்டான். பாயில உக்காருங்கன்னு உங்கப்பா சொல்லச் சொல்ல, இருக்கட்டுங்க இருக்கட்டுங்கன்னு நின்னுக்கிட்டே இருக்கான். உக்காந்தா தையல் விட்டுடும்னு பயமாம், அது யாருக்குத் தெரியும், என்ன மரியாதைன்னு நாங்க மெச்சிக்கிட்டோம். வூட்ல இருக்கிற ஒரே நாற்காலியில உன் மாமன் வெங்கடாசலம் உக்காந்துக்கிட்டு, கிணத்துல தண்ணி நிக்குமா, பங்காளிச் சண்டை உண்டான்னு கேட்டுக்கிட்டே கெடந்தான். காவேரியைத் தன் மகனுக்குக் கட்டணும்னு அவனுக்கு ஆசை, அது உனக்கும் தெரியும். புழுக்கமோ சொல்லி முடியாது. பையன் ஆடாம அசையாம நின்னான், காவேரி காபி கொண்டாந்து எதிர்ல நின்ன நேரம் பார்த்து முகம் வெளுத்து பலகாரத் தட்டு மேலயே சாஞ்சுட்டான்.

உடனே உன் மாமன் காக்காவலிப்புன்னு கூவி, இரும்பு கையில இருக்கணும்னு களைக்கொத்தை எடுத்துத் திணிச்சான். வந்த பொம்பளைங்க, பொண்ணைப் பார்த்ததும் விழுந்துட்டானேன்னு முணுமுணுத்தாங்க. காவேரிக்கு வந்துச்சே கோவம், காபியை வச்சுட்டு அவன் காலு ரெண்டையும் தூக்கி ராகி மூட்டை மேல போட்டா, பேண்ட்டு டர்ருனு கிழிஞ்சுது, உங்கப்பா தோள்துண்டை எடுத்துப் போத்தினார். போன லீவுல நீ சொல்லிக் கொடுத்தியாமே, ஒரே இடத்துல அசையாம நின்னா ரத்தம் கால்லயே தேங்கிடும், நெஞ்சுக்குத் திரும்பி வர்றது கொறையும், வர்ற கொஞ்சத்தை வச்சு ஒடம்பு பூரா ஓட்டணும்னு இருதயம் வேகமா அடிச்சுக்கும், காலைத் தூக்கி வச்சா ரத்தம் திரும்பி வந்து நாடி அடங்கும்னு. அந்தப் படியே மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா. குதிச்சுக்கிட்டிருந்த நாடி அடங்கிடுச்சும்மான்னு சொன்னப்புறம்தான் எனக்கு உயிரே வந்துச்சு. அப்புறம் பையன் கண்ணு தொறந்து, கையைப் பிடிச்சிருக்கிறது யாருன்னு பார்த்தான், நாடி மறுபடியும் வேகமா ஓட ஆரம்பிச்சுடுச்சாம். காலு மூட்டை மேலதானே இருக்கு, ரத்தமெல்லாம் வந்து சேர்ந்தாச்சே, ஏன் ஓடுதுன்னு தெரியலையேன்னு சொன்னாளே ஒழிய அவளும் கையை விடலை.

இப்ப உன் மாமன் சந்தை பூரா வலிப்புக்காரன்னு சொல்லி வச்சிருக்கான். உங்கப்பா பயந்துபோய் வேண்டாம்னு ஆளனுப்பப் பார்க்கிறார். காவேரி சரியாச் சாப்பிடறது இல்லை. உன் சொல்லை அப்பா தட்டமாட்டார், அது வலிப்பில்லை, நின்னதால வந்த மயக்கம்னு கார்டுல பெரிய எழுத்தா எழுது, மாமனும் படிக்கட்டும். நாடி மொதல்ல ஓடினதுக்கு மட்டும் காரணம் எழுதினாப் போதும், ரெண்டாவதா ஓடினதுக்கு எனக்கே தெரியும்.

சனிக்கிழமை தவறாம எண்ணெய் தேச்சுக் குளி, நின்னுக்கிட்டே வேலை பார்க்காதே. நூறு வயசு நல்லா இருப்பே. வர்றப்ப மறக்காம நல்ல அகலமா ஒரு வேட்டி வாங்கிக்கிட்டு வா, கல்யாணத்தன்னிக்காவது மாப்பிள்ளை உக்காரட்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
நஞ்சம்மாள்