மீன் வண்டியில் தப்பிய கன்னியாஸ்திரி

பெங்களூர்
17.7.2005

என் அன்புச் சகாயத்துக்கு,

கர்த்தரின் தயவால் நலமாக இருக்கிறேன். நீயும் அம்மாவும் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன். இறையியல் கல்லூரி விடுதியில் சாம்பாருக்கு வெல்லம் போடுகிறார்கள். நீ கொடுத்தனுப்பிய கருவாட்டால்தான் சோறு இறங்குகிறது. பூவிழிக்கும் கொஞ்சம் கொடுத்தேன். கடலூர்ப் பெண், வகுப்பில் என் பக்கத்து இடம்.

திருச்சபை வரலாறுதான் எனக்கு மிகப் பிடித்த பாடம். நேற்று பதினோராம் நூற்றாண்டு. அதுவரை மேற்கு நாடுகளில் குருமார் பலர் மனைவி மக்களோடு வாழ்ந்திருக்கிறார்கள். பிறகு போப்புமார் கண்டிப்பாகச் சட்டம் போட்டு, மனைவியை அனுப்பிவிடச் சொன்னார்கள். பூவிழி சட்டென்று எழுந்து, "அனுப்புனாங்க சரி சார், அந்தப் பொம்பளைங்க எங்க போனாங்க?" என்று கேட்டாள். பேராசிரியர் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். என்ன மூளை, சகாயம்! உங்கள் கத்தோலிக்க சபை செய்த வேலையைப் பார்த்தாயா?

உன்
தேவநேசன்

மரக்காணம்
2.8.2005

பாசமுள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு முட்டிவலி தேவலாம். உப்பளத்தில் வேலை மும்முரம். என் வகுப்புப் பிள்ளைகளில் பாதிப்பேர் அம்மாவோடு உப்பு வாரப் போய்விடுகிறார்கள். கரும்பலகைக்குத்தான் பாடம் எடுக்கிறேன்.

அந்த வஞ்சிரத்தை அனுமந்தை மீனவர்களிடம் சொல்லிவைத்து வாங்கி, நானே உப்பு தடவிக் காயவைத்தேன், உங்களுக்காக. பூவிழிக்கு நடுத்துண்டு கொடுத்தீர்களா? சும்மாதான் கேட்கிறேன். அவளுக்குக் கல்யாணம் ஆயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் கடிதத்தில் என் பெயரைவிட அவள் பெயர் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது.

அவள் கேட்ட கேள்வி என்னையும் தூங்கவிடவில்லை. நீங்கள் ஊரில் இல்லாததால் ஞாயிற்றுக்கிழமை என் கோயிலுக்குத்தான் போகிறேன், கோபப்படாதீர்கள். பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரிடம் அதையே கேட்டேன். "வயசான காலத்துல என்னைய வம்புல மாட்டி வுடுறியேம்மா" என்று சிரித்தார். பிறகு உள்ளே போய் இரண்டு தடித்த புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தார்.

இப்படிக்கு
சகாயமேரி

பெங்களூர்
20.10.2005

அன்புச் சகாயம்,

வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் உனக்கு ஏன் இந்தத் தலைவலி? ஊர்ச் செய்தி எழுது. அதுதான் எனக்கு வேண்டும். பூவிழியைப் பற்றி நீ சந்தேகமாக எழுதியது வருத்தமாக இருந்தது. எனக்கு அவள் தங்கை மாதிரி.

பதினாறாம் நூற்றாண்டில் போப்பை எதிர்த்து எங்கள் சபைகளுக்கு வழி திறந்த லூத்தரின் திருமணம் பற்றி நானும் அவளும் சேர்ந்து ஒரு கட்டுரை வாசிக்கப்போகிறோம். நூலகத்தில் நிறைய வேலை இருப்பதால் கிறிஸ்துமசுக்கு வர முடியாது. துறவியாக இருந்த லூத்தர், கன்னியர் மடத்திலிருந்து தப்பிவந்த காத்தரீனாவை மணந்ததால்தான் இன்றைக்கு என்னைப் போன்றவன் போதகனாகவும் உனக்குப் புருஷனாகவும் இருக்க முடிகிறது. அதை நினைத்துக்கொள்.

தேவநேசன்

மரக்காணம்
5.12.2005

மாமாவுக்கு,

நினைத்துக்கொண்டேன். சாமியார் கொடுத்த புத்தகத்தில் காத்தரீனாவைப் பற்றியும் இருக்கிறது. மீன் பீப்பாய் ஏற்றுகிற வண்டியில் ஒளிந்து மடத்திலிருந்து தப்பியிருக்கிறாள். அந்த வாடையை நம் கடற்கரைப் பெண்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பிறகு அவள் பன்றி வளர்த்தாள், நிலம் பார்த்தாள், லூத்தரைத் தேடிவந்த மாணவர்களுக்கெல்லாம் சோறு போட்டாள். அவர்கள் அந்தச் சோற்றைத் தின்றுகொண்டே லூத்தர் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். அவர் செத்தபின் அவள் பட்ட பாட்டுக்கு அளவில்லை. நீங்கள் இரண்டு பேரும் எழுதுகிற திருமணக் கட்டுரை கல்யாணப் பந்தலோடு முடிந்துவிடுமா?

அனுப்பப்பட்ட அந்த மனைவிகளையும் தேடினேன். அவர்களைப் பிரபுக்கள் அடிமையாக்கிக்கொள்ளலாம் என்றுகூட ஆயர்கள் கூடிய ஒரு சங்கம் தீர்மானம் போட்டிருக்கிறது. போப்பு சொன்னது இருக்கிறது, ஆயர் சொன்னது இருக்கிறது. அந்தப் பெண்கள் என்ன சொன்னார்கள் என்று இந்த இரண்டு புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது. என் சபை செய்தது பாவம்தான். உங்கள் சபை மனைவியை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டது. காது கொடுத்ததா?

அலை வந்து இந்த மாதம் ஒரு வருடம். கடலோரத்தில் ஜெபம் வைக்கிறார்கள். மற்ற பெண்கள் புருஷனோடு நிற்பார்கள். நான் அத்தையோடு நிற்பேன். நீங்கள் பூவிழியோடு நூலகத்தில் இருங்கள்.

சகாயமேரி

பெங்களூர்
12.2.2006

சகாயம்,

கட்டுரை வாசித்தாகிவிட்டது. உன் கடிதத்திலிருந்து இரண்டொரு கருத்தை எடுத்துக்கொண்டேன். அந்த இடம் வந்ததும் பேராசிரியர் நிறுத்தி, "இது யாரோட யோசனை?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பூவிழி எழுந்து, "இவரு வீட்டம்மாவோடது சார். லெட்டர் வந்தா எங்களுக்கு வாசிச்சிக் காட்டுவாரு" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். இப்போது எதிரே வருகிறவர்கள் எல்லாம் "மேடம் எப்படி இருக்காங்க?" என்று கேட்கிறார்கள். நான் மாதக்கணக்கில் உழைத்த மீதிப் பக்கங்களைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எனக்குச் சந்தோஷம்தான்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். சாமியார் வீட்டுக்கு அடிக்கடி போகாதே. ஊர் ஒரு மாதிரி பேசும். நாளைக்குப் போதகனாகப் போகிறவனின் மனைவி நீ. புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிடு.

தேவநேசன்

மரக்காணம்
9.3.2006

அன்புள்ள மாமாவுக்கு,

தடி ஊன்றி நடக்கிற சாமியாரை வைத்து ஊர் எதுவும் பேசாது. நீங்களும் அதை நம்பி எழுதவில்லை. உங்களுக்கு வந்திருப்பது என்னவென்று எனக்குத் தெரிகிறது. மாதக்கணக்காக அதிலேயே கிடந்தவள் நான். யாரையாவது புகழ்ந்தால் நம்மை வைததுபோல் இருக்கும். ஜெபமாலை சொல்லும்போதுகூட, பூவிழிக்குப் பல் துருத்திக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன்.

போன வாரம் அவள் பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் செய்தாள். "அக்கா, நீங்க தபால்லயே இறையியல் படிக்கலாம். நான் விசாரிச்சிட்டேன்" என்றாள். சின்னக் குரல். நான் எரிந்தது அவளைப் பார்த்து என்றுதான் நினைத்திருந்தேன். அவள் எழுந்து கேள்வி கேட்டால் நாலு பேர் நின்று கேட்கிறார்களே, அதைப் பார்த்துத்தான் என்று அப்போது தெரிந்தது.

சேர்ந்துவிட்டேன். அத்தையிடம் சொன்னேன். "அவன் படிக்கச்சொல்லோ நீ படிச்சா என்னா?" என்றார். புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

என் கடிதங்களை நாலு பேருக்கு வாசித்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன். இனிமேல் கேளுங்கள்.

ஈஸ்டருக்கு வாருங்கள். உங்கள் கட்டுரையை முதலிலிருந்து கடைசிவரை எனக்கு வாசித்துக் காட்டுங்கள். யாரும் கேட்காத அந்தப் பக்கங்களைப் பற்றி நான் கேட்பேன். நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்பேன். தப்பாக இருந்தால் சும்மா இருக்க மாட்டேன். உங்களுக்கு எரியும். எரிந்தாலும் வாருங்கள்.

சகாயமேரி